கூண்டு வண்டியில் ஏறிய நான்கு குணங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில், கஸ்டர் கவுண்டியில், 1880களின் பிற்பாதியில் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. எடுத்தவர் சாலமன் புட்சர். புதிதாகக் குடியேறிய குடும்பங்களை வண்டி கட்டிக்கொண்டு தேடித் தேடிப் போய்ப் படம் பிடித்தவர். அந்தப் படத்தில் பண்ணை முற்றத்தில் ஒரு மிதி ஆர்கன் நிற்கிறது. வீட்டுக் கூடத்தில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய வாத்தியம் வெட்டவெளியில் புழுதியில் நிற்கிறது. அதைச் சுற்றி ஹில்டன் குடும்பம். அவர்கள் குடியிருந்த வீடு மட்டும் படத்தில் இல்லை.

அந்த வீடு மண்வீடு. புல்தரையை வேரோடு பாளம் பாளமாக வெட்டிச் செங்கல்போல அடுக்கிக் கட்டியது. அடைமழையில் கூரை ஒழுகும், வெயிலில் மண் உதிரும். கிழக்கே இருந்த உறவினர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்று திருமதி ஹில்டன் நினைத்தார். ஆனால் தம்மிடம் ஓர் ஆர்கன் இருப்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். ஆகவே அந்தக் கனத்த பெட்டியை வெளியே தூக்கிவரச் செய்தார்.

இந்த ஒரு படத்தை வைத்தே எதிரெதிரான இரண்டு தீர்ப்புகளை எழுதலாம். எல்லைப்புற வாழ்க்கை விக்டோரியக் கூடத்தைக் கலைத்து முற்றத்தில் வீசிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். மண்வீட்டில் படுத்தெழுந்தும் அந்தப் பெண்மணியின் மனத்தில் கூடம் குலையாமல் இருந்தது என்று மற்றவர் சொல்லலாம். அமெரிக்க மேற்கின் பெண்கள் வரலாற்றில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கே இதுதான். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, 1840 தொடங்கி 1910களின் தொடக்கம் வரை குடியேறிய பெண்களின் வாழ்க்கை, அவர்கள் கொண்டுபோன விக்டோரிய நெறிகளை உண்மையிலேயே அசைத்ததா? அசைத்தது என்றால் எது அசைத்தது?

நெறியும் அதன் அடித்தளமும்

விக்டோரியா அரியணையில் இருந்தது 1837 முதல் 1901 வரை. அவர் ஆண்டது பிரிட்டனை. அவர் பெயரால் வழங்கும் ஒழுக்க நெறியோ அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்க நடுத்தர வர்க்கத்தையும் ஆண்டது. பிலடெல்பியாவிலிருந்து வந்த ‘கோடீஸ் லேடீஸ் புக்’ இதழை 1837 முதல் 1877 வரை நடத்திய ஆசிரியை சாரா ஜோசஃபா ஹேல் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். கேதரின் பீச்சர் 1841இல் எழுதிய மனையியல் நூல் அதற்கு இலக்கணம் வகுத்தது. 1966இல் வரலாற்றாசிரியர் பார்பரா வெல்டர் இந்த நெறியை நான்கு குணங்களாகப் பிரித்துக் காட்டினார்: இறைப்பற்று, கற்பு, பணிவு, இல்லறப் பாங்கு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகப் படாது.

இந்த நான்கும் வெறும் உபதேசத்தில் நிற்கவில்லை. அவற்றுக்குக் கீழே ஒரு பொருளாதாரம் இருந்தது. கணவன் வெளியே போய்ச் சம்பாதிக்கிறான். துணியும் சோப்பும் மெழுகுவர்த்தியும் கடையில் கிடைக்கின்றன. அடுக்களையில் ஒரு வேலைக்காரி இருக்கிறாள். அதனால் வீடு உழைப்பின் களமாகத் தோன்றாமல் அமைதியின் இருப்பிடமாகத் தோன்றுகிறது. கூடவே ஒரு சட்டமும் இருந்தது. ஆங்கிலேய மரபுச் சட்டப்படி திருமணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடும். சொத்து, கூலி, ஒப்பந்தம் எதுவும் அவள் பெயரில் தனியே நிற்காது. எல்லைப்புறம் முதலில் மோதியது இந்தப் பொருளாதாரத்தோடு. சட்டத்தோடு மோதியது சில இடங்களில் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் சான்றுகளைச் சரியாக எடைபோட முடியும்.

எடைபோட ஒரு அளவுகோலும் வேண்டும். காய்ச்சலில் விரதத்தை விட்டவர் விரதத்தை மறுத்தவர் ஆகமாட்டார். உடம்பு தேறியதும் அவர் மறுபடி விரதம் இருப்பார். அதேபோல, ஆற்றைக் கடக்கும்போது ஒரு பெண் மாட்டை ஓட்டினாள் என்பதால் பணிவு என்ற நெறிக்குச் சவால் விட்டாள் என்று ஆகிவிடாது. கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. நடத்தை மாறியதா? மாறியதை அவள் தன் உரிமையாக எண்ணினாளா? நெருக்கடி தீர்ந்த பிறகும் அந்த மாற்றம் நின்றதா? இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டும் விடை கண்டுவிட்டுப் புரட்சி என்று முழங்கிய எழுத்துகள் ஏராளம்.

பாதையில் நடந்தது

மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை ஏறத்தாழ 2,000 மைல். கூண்டு வண்டியில் நான்கு முதல் ஆறு மாதம். பெரும்பாலோர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே கடந்த தூரம் அது. மரமில்லாத சமவெளியில் அடுப்புக்குக் காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கவேண்டும். வறட்டி தட்டிப் பழகிய நாட்டில் இது ஒரு செய்தியே இல்லை. வெள்ளைக் கையுறையைப் பண்பின் அடையாளமாகக் கண்ட பெண்ணுக்கு அது ஓர் எல்லையைத் தாண்டுவது. முதலில் முகம் சுளித்தவர்கள் சில நாளில் பாவாடை மடியில் அள்ளி வந்தார்கள். காலராவில் கணவன் விழுந்த இடங்களில் மனைவி வண்டி ஓட்டினாள், காவல் இருந்தாள், குழி வெட்டி அவனைப் புதைத்துவிட்டு மேலே நடந்தாள்.

இதைப் பார்த்து ஆண் வேலை, பெண் வேலை என்ற கோடு அழிந்தது என்று சொல்லத் தோன்றும். ஜான் மேக் ஃபாரகர் 1979இல் வெளியிட்ட ஆய்வு அந்த அவசரத்தைத் தடுக்கிறது. கோட்டைத் தாண்டியது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். பெண்கள் ஆண்களின் வேலைக்குள் போனார்கள், ஆண்கள் பெண்களின் வேலைக்குள் அரிதாகவே வந்தார்கள். மாலையில் வண்டி நின்றதும் ஆண்களின் நாள் முடியும். அடுப்பு மூட்டுவது, மாவு பிசைவது, துவைப்பது, நாளைக்குக் கட்டுவது என்று பெண்களின் இரண்டாவது நாள் அப்போது தொடங்கும். பாதை அவர்களுக்குக் கூடுதல் வேலை தந்தது. அந்த வேலைக்கு உரிய அதிகாரத்தைத் தரவில்லை. எந்த நாள் புறப்படுவது, எந்தக் கிளைப்பாதையில் போவது, ஏன் போகவேண்டும் என்ற முடிவுகளைப் பெரும்பாலும் ஆண்களே எடுத்தார்கள்.

உடையை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் பாவாடையும் அதற்குள் தொளதொள கால்சட்டையும் கொண்ட புதிய உடையை 1851இல் அமீலியா புளூமர் தன் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார். அந்த உடை அவர் பெயராலேயே வழங்கியது. ஜூலியா ஆர்ச்சிபால்ட் ஹோம்ஸ் 1858இல் அதை உடுத்திக்கொண்டு 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தில் ஏறினார். அவர் இதைக் கொள்கையாகவே செய்தவர். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் சொல்லக்கூடிய அரிய பெண்களில் ஒருவர். ஆனால் அவரைப் போன்றவர்கள் சிலரே. மற்றவர்கள் சேற்றில் புரளும் நீண்ட பாவாடையை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு வரலாற்றாசிரியர் லிலியன் ஷ்லிசல் நாட்குறிப்புகளைப் படித்துச் சொல்லும் விளக்கம் முக்கியமானது. ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளியில் இயற்கை உபாதைக்கு ஒதுங்க மறைவு கிடையாது. பெண்கள் வட்டமாக நின்று பாவாடைகளை விரித்துப் பிடித்தால் அதுதான் திரை. கிழக்கே நாகரிகத்தின் சுமையாக இருந்த துணி இங்கே மானத்தின் சுவர் ஆயிற்று. இதை அடிமைத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அந்தப் பெண்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

எழுதாமல் விட்டது

நாட்குறிப்புகளை எப்படிப் படிப்பது என்பதற்கு அமீலியா ஸ்டூவர்ட் நைட்டின் குறிப்பேடு நல்ல பாடம். 1853 ஏப்ரலில் அயோவாவிலிருந்து கணவரோடும் ஏழு பிள்ளைகளோடும் ஆரிகனுக்குப் புறப்பட்டவர் அவர். மழை, சேறு, மாடுகளின் நிலை, ஆற்றைக் கடக்கக் கொடுத்த காசு, பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் நாள்தோறும் பதிவாகின்றன. ஒரு பெண்குழந்தையைத் தவறுதலாக விட்டுவிட்டு வண்டிகள் நகர்ந்ததும், பின்னால் வந்தவர்கள் அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும் இருக்கிறது. தனக்கு உடம்பு சரியில்லை என்று அடிக்கடி எழுதுகிறார். செப்டம்பரில், பயணத்தின் கடைசிக் குறிப்புகளில், திடீரென்று எட்டாவது குழந்தை பிறந்துவிடுகிறது. அந்தப் பயணம் முழுவதும் அவர் கர்ப்பிணி. அதைச் சொல்லும் ஒரு வரி அதற்கு முன் எங்கும் இல்லை.

செங்குத்துச் சரிவுகளில் இறங்கி நடந்த நிறைமாதக்காரி தன் வயிற்றைப் பற்றித் தன் சொந்த ஏட்டிலும் எழுதக் கூசினார். உடம்பு அன்றாடம் விக்டோரிய நெறியை உடைத்துக்கொண்டிருக்க, பேனா அதைக் காத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட ஏடுகள் பலவும் ஊரில் விட்டுவந்த உறவினர் படிக்கவேண்டும் என்று எழுதியவை. எனவே இவற்றில் அடக்கம் தெரிகிறது என்பதால் மனத்திலும் அடக்கமே இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு நேர்மாறாக, எழுதாத இடங்களில் எல்லாம் கலகம் இருந்தது என்று நிரப்பிக்கொள்ளவும் உரிமை இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வண்டி ஏறியவர்களில் பெரும்பகுதி மிசௌரி, அயோவா, இல்லினாய் போன்ற இடங்களின் பண்ணைக் குடும்பங்கள். அங்கேயும் அந்தப் பெண்கள் பால் கறந்தார்கள், சோப்பு காய்ச்சினார்கள், நூல் நூற்றார்கள். ‘கோடீஸ்’ இதழின் கூடம் அவர்களுக்கு வாழ்ந்த நிலை அல்ல, எட்டிப்பிடிக்க நினைத்த நிலை. ஆகவே அரண்மனைக் கிளி காட்டுக்குப் பறந்தது என்ற கதை பலருக்குப் பொருந்தாது. எட்டாமல் இருந்தது இன்னும் கொஞ்சம் எட்டாமல் போயிற்று. அதனாலேயே அவர்கள் அதை இறுகப் பிடித்தார்கள். ஹில்டன் வீட்டு ஆர்கன் இந்தப் பிடியின் சாட்சி.

எல்லைப்புறம் பழைய உலகத்தின் பழக்கங்களை உரித்துவிட்டுப் புது மனிதரை ஆக்கியது என்று வரலாற்றாசிரியர் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில் சொன்னபோது அந்தச் சித்திரத்தில் பெண்கள் ஏறக்குறைய இல்லை. பெண்கள் தளைகளை உதறியதற்குச் சான்று கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஆய்வில் இறங்கிய ஜூலி ராய் ஜெஃப்ரி, தேடியது கிடைக்கவில்லை என்று 1979இல் நேர்மையாக எழுதினார். இல்லற நெறியைப் பெண்கள் விடாமல் சுமந்துபோனதையே அவர் கண்டார். சாண்ட்ரா மைர்ஸ் 1982இல் மறுபக்கத்தை எடுத்துவைத்தார்: பெண்கள் சூழலுக்கு ஏற்பத் தங்கள் எல்லையை விரித்தார்கள், புதிய தொழில்களில் துணிந்து இறங்கினார்கள். நம்பிக்கையைப் பொறுத்தவரை ஜெஃப்ரி சொல்வதும், நடத்தையைப் பொறுத்தவரை மைர்ஸ் சொல்வதும் வலுவானவை. ஆனால் எது நிலைத்தது என்ற மூன்றாவது கேள்விக்கு இருவரையும் தாண்டிப் பணத்தையும் பத்திரத்தையும் புரட்டிப் பார்க்கவேண்டும்.

ரொட்டியின் விலை

1849இல் லூசீனா வில்சன் கணவரோடும் இரண்டு சிறு பையன்களோடும் கலிபோர்னியாவின் தங்க வயலுக்கு வந்தார். சேக்ரமென்டோவை நெருங்கிய இரவு, அடுப்பில் அவர் பிஸ்கட் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது சுரங்கக்காரர் ஒருவர் வந்து அதற்கு 5 டாலர் தருகிறேன் என்றார். அவர் திகைத்து நின்றதை விலை போதவில்லை என்று எண்ணி அந்த மனிதர் 10 டாலராக உயர்த்தினார். பிறகு நெவாடா சிட்டியில், கணவர் வெளியே போயிருந்த வேளையில், பலகை வாங்கி, தானே முளை வெட்டி மேசை போட்டு, சாமான் வாங்கிச் சமைத்தார். இரவு கணவர் திரும்பியபோது மேசையில் இருபது சுரங்கக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு ஒரு டாலர். கொஞ்ச நாளில் கணவரையும் தொழிலில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டதாக அவர் 1881இல் மகளிடம் நினைவுகூர்ந்தார்.

பங்காளி என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை மாற்றம்! நேற்றுவரை அன்பின் கடமையாக இருந்த சமையல், பெண்கள் அரிதாக இருந்த ஊரில், விலை உள்ள பொருள் ஆகிவிட்டது. விக்டோரிய நெறியின் மையப் பொய் இதுதான்: பெண் வீட்டில் செய்வது வேலையல்ல, அது அவளது இயல்பு. அந்தப் பொய்யை எந்தப் பிரசங்கமும் உடைக்காத அளவுக்கு அந்த 10 டாலர் உடைத்தது. தங்க வயல் பெண்ணுக்கு இல்லறப் பாங்கை மறுக்கக் கற்றுத்தரவில்லை, அதற்கு ரசீது போடக் கற்றுத்தந்தது.

ஆனால் அந்த டாலர் யாருடையது? மனைவியின் தனிச்சொத்துக்குக் கலிபோர்னியாவின் 1849 அரசமைப்பே பாதுகாப்புத் தந்தது. மெக்சிகோ ஆண்ட காலத்திலிருந்து வந்த ஸ்பானிய மரபின் கொடை அது. திருமணத்துக்குப் பின் ஈட்டியது பொதுச்சொத்து. அதை நிர்வகிக்கும் அதிகாரத்தை 1850 சட்டம் கணவனிடமே கொடுத்தது. பங்காளியைச் சேர்த்துக்கொண்டவர் லூசீனாதான், கணக்கை ஆளும் உரிமை மட்டும் பங்காளிக்கு. நடத்தையும் மதிப்பும் மாறிய இடத்திலும் சட்டம் பழைய இடத்திலேயே நின்றது.

நிலமும் கையெழுத்தும்

நிலச் சட்டங்கள்தான் இந்த வழக்கின் முக்கியச் சாட்சி. ஆரிகன் நிலக்கொடைச் சட்டம் 1850இல் தம்பதிக்கு 640 ஏக்கர் வரை தந்து, அதில் பாதியை மனைவியின் பெயரிலேயே எழுதியது. திருமணமான பெண்ணுக்குத் தன் பெயரில் நிலம் என்பது அன்று பெரிய செய்தி. அதே சட்டம் ஒரு கொடுமைக்கும் வழிவிட்டது. மனைவி இருந்தால் நிலம் இரட்டிப்பு என்பதால் விளையாட்டு வயதுச் சிறுமிகளுக்கெல்லாம் மாப்பிள்ளை தேடி வந்தான்.

1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கரை, ஐந்து ஆண்டு குடியிருந்து உழுபவருக்கு, 21 வயதான தனிப்பெண்ணுக்கும் விதவைக்கும் திறந்துவிட்டது. கணவனோடு வாழும் மனைவிக்குக் கதவு மூடியே இருந்தது. சில வட்டாரங்களில் பத்தில் ஒரு மனு பெண்ணின் பெயரில் இருந்ததாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் ஒளியையும் இருளையும் ஒருசேரக் காட்டுபவர் எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட். டென்வரில் துணி துவைத்துப் பிழைத்த விதவை என்று வாசகர்களுக்கு அறிமுகமானவர், 1909இல் வயோமிங்குக்கு வந்து தன் பெயரில் நிலம் பதிந்தார். அவர் எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாகி இன்றுவரை படிக்கப்படுகின்றன. துவைத்துக் கூலி வாங்கும் பெண்களுக்கு நிலம் பிடிப்பதே சுலபமான பிழைப்பு என்று அவர் நம்பிக்கையூட்டுகிறார். ஆனால் நிலம் பதிந்த சில நாளிலேயே அவர் பக்கத்துப் பண்ணைக்காரரைத் திருமணம் செய்துகொண்டார். பதிந்த நிலத்தில் குடியிருக்கவேண்டும் என்பது விதி, கணவன் மனைவி இருவரும் தனித்தனி வீட்டில் குடியிருப்பதாகச் சொல்ல முடியாது. 1912இல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். அந்த நிலம் மாமியார் பெயருக்குப் போயிற்று. தனிப்பெண் நிலக்காரியின் சிறந்த குரல் என்று உலகம் கொண்டாடியவர் தன் பெயரில் பட்டா பெறவே இல்லை. அவரது துணிச்சல் பொய்யல்ல. திருமணம் என்ற ஒரு சடங்கு அந்தத் துணிச்சலைச் சட்டத்தின் முன் செல்லாததாக்கியது என்பதே இதன் பாடம்.

இதை வேறு யாரையும்விட நன்றாக உணர்ந்தவர் அபிகெயில் ஸ்காட் டுனிவே. 1852இல் குடும்பம் ஆரிகனுக்கு வண்டி கட்டியபோது அவருக்கு வயது 17. பயணக் குறிப்பு எழுதும் பொறுப்பைத் தந்தை அவரிடம் கொடுத்திருந்தார். வழியில் தாய் காலராவில் இறந்தார், அதே பயணத்தில் தம்பியும் இறந்தான். திருமணமாகி, பண்ணை வீட்டில் வெண்ணெய் கடைந்தும் வருவோர் போவோருக்குச் சமைத்தும் ஓய்ந்திருந்த காலத்தில், கணவர் நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அதற்கு மனைவியின் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை. கடன் திரும்பாமல் போனதும் பண்ணை போயிற்று. பிறகு விபத்தில் கணவர் உழைக்க முடியாதவர் ஆனார். அபிகெயில் பள்ளி நடத்தினார், தொப்பிக் கடை வைத்தார், பிள்ளைகளை வளர்த்தார். 1871இல் போர்ட்லண்டில் ‘நியூ நார்த்வெஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கிப் பெண்ணுரிமைக்காக எழுதினார்.

அவரைக் கிளர்ந்தெழச் செய்தது எது? எல்லைப்புறத்தின் கடின உழைப்பு அவரைக் களைக்கத்தான் செய்தது. உழைத்த நிலம் தன்னைக் கேட்காத ஒரு கையெழுத்தில் போனபோதுதான் அவர் போராளியானார். பெத்தேனியா ஓவன்ஸ் அடேரின் கதையும் இதே பக்கம் சாய்கிறது. 1854இல் 14 வயதில் திருமணம், சில ஆண்டுகளில் மணவிலக்கு, துவைத்தும் தைத்தும் படிப்பு, 1880இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். மணவிலக்குக் கதவைச் சட்டம் திறந்துவைத்திருக்காவிட்டால் அந்த மருத்துவர் இல்லை. பிற்காலத்தில் மனநோயாளிகளுக்கும் குற்றவாளிகளுக்கும் கட்டாயக் கருத்தடை கோரி அவரே பிரசாரம் செய்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. தன் தளையை அறுத்தவர் பிறர் தளையையும் அறுப்பார் என்பது உறுதியில்லை.

வாக்கு வந்த வழி

1869 டிசம்பர் 10 அன்று வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. அதே கூட்டத்தொடரில் மனைவியின் சொத்துரிமையும் ஆசிரியைக்குச் சம ஊதியமும் சட்டமாயின. அடுத்த ஆண்டு எஸ்தர் மோரிஸ் சவுத் பாஸ் சிட்டியில் நீதிபதியாக அமர்ந்தார், லாரமியில் பெண்கள் ஜூரிகளாக உட்கார்ந்தார்கள். எல்லைப்புறம் பெண்ணைச் சமமாக்கியது என்பதற்கு வழக்கமாக நீட்டும் சான்று இது.

உள்ளே புகுந்து பார்த்தால் சித்திரம் கலங்குகிறது. ஆண்களே நிறைந்த பிரதேசத்துக்குப் பெண்களை ஈர்க்கவேண்டும், நாட்டின் பார்வை விழவேண்டும் என்பது ஒரு காரணம். கறுப்பின ஆண்களுக்கு வாக்கு வந்தபோது வெள்ளைப் பெண்களுக்கும் வரட்டும் என்ற இனக்கணக்கு இன்னொன்று. 1871இல் சட்டமன்றமே இந்த உரிமையை ரத்து செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஜான் கேம்பெல் தடுப்பாணை போட்டுக் காத்தார், அதை மீறி நிறைவேற்ற ஒரே ஒரு வாக்கு குறைந்தது. பெண் ஜூரிகளை அமர்த்திய நீதிபதி மாறியதும் அந்த வழக்கம் நின்றுபோனது. உட்டாவில் 1870இல் வந்த வாக்குரிமையை 1887இல் மத்திய அரசே பறித்தது. இவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியதை எல்லைப்புற வாழ்வின் இயற்கையான கனி என்று சொல்வதற்கில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். விக்டோரிய நெறியே சில பெண்களுக்கு ஆயுதமானது. வீட்டைக் காப்பது பெண்ணின் கடமை என்றால், வீட்டை அழிக்கும் சாராயக் கடையை மூடவும் அவளுக்கு வாக்கு வேண்டும் என்று மதுவிலக்குச் சங்கத்தின் ஃபிரான்சிஸ் வில்லர்ட் வாதிட்டார். இந்த வாதம் திரள்திரளாகப் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நெறியை மறுக்காமலே நெறியின் எல்லையைத் தாண்டிய சாமர்த்தியம் இது. சவால் என்பது எப்போதும் மறுப்பின் உருவில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

முன்பே அங்கே இருந்தவர்கள்

இதுவரை பேசிய நிலம் காலியாக இருந்த நிலம் அல்ல. பையூட் இனத்தைச் சேர்ந்த சாரா வினமக்கா 1883இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு நாளைச் சொல்கிறார். வெள்ளையர் வருகிறார்கள் என்று கேட்டுப் பெண்கள் ஓடினார்கள். சிறுபிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. தாய் மண்ணைத் தோண்டிக் குழந்தை சாராவை முகம் மட்டும் வெளியே தெரிய உயிரோடு புதைத்து, வெயில் படாமல் மேலே செடியை நட்டுவிட்டுப் போனார். இருட்டியதும் வந்து எடுத்தார். மேற்கே போன வண்டிக்குள் நான்கு குணங்களைச் சுமந்து ஒரு தாய் இருந்தார். அந்த வண்டிச் சத்தத்துக்கு அஞ்சிக் குழந்தையை மண்ணுக்குள் வைத்தவரும் தாய்தான்.

ஆலிஸ் ஃபிளெட்சர் என்ற மானுடவியலாளர், தாமே மணமாகாமல் தொழில்செய்து வாழ்ந்தவர், ஒமாகா உள்ளிட்ட பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டுபோட்டுக் கொடுக்கும் அரசுப் பணியைச் செய்தார். பழங்குடிப் பெண் ஒருவர் தம் குதிரையைப் பிறருக்குக் கொடுத்தபோது, உங்கள் கணவர் ஒப்புவாரா என்று அவர் கேட்டாராம். கூடாரமே சிரித்தது. குதிரை அவளுடையது, கணவனை ஏன் கேட்கவேண்டும்? அமெரிக்கச் சட்டத்துக்குள் வந்தால் இந்த உரிமையை இழப்போம் என்ற அவர்களின் கவலையை ஃபிளெட்சரே 1888இல் வாஷிங்டன் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். இருந்தும் பணி தொடர்ந்தது. 1887இன் டாஸ் சட்டம் முதலில் நிலம் கொடுத்தது குடும்பத் தலைவருக்கு, மனைவிக்கு அல்ல. 1890களில் அரசு அனுப்பிய வெள்ளைப் பெண் ஊழியர்கள் பழங்குடிப் பெண்களுக்குத் துவைக்கவும் பெருக்கவும் மேசை விரிக்கவும் ‘கற்பித்தார்கள்’. எல்லைப்புறத்தில் வெள்ளைப் பெண் மெல்ல மெல்லக் கழற்றிய அதே இறுக்குக் கச்சையை இவர்கள் மேல் கட்டினார்கள்.

லாரா இங்கல்ஸ் வைல்டரின் சிறுவர் நூலில் அம்மா பெண்களிடம் வெயில் குல்லாயைப் போடச் சொல்லி நச்சரிப்பார், செவ்விந்தியரைப்போலக் கறுத்துவிடக் கூடாது என்று. அந்தக் குடும்பம் அப்போது குடியேறியிருந்தது ஓசேஜ் மக்களின் நிலத்தில். மென்மையைக் காத்த அந்தத் துணி நிறத்தையும் காத்தது. கறுப்பினப் பெண்களுக்கோ நான்கு குணங்களின் பட்டியலிலேயே இடம் தரவில்லை. பிடி மேசன் அடிமையாக எஜமானின் வண்டிகளுக்குப் பின்னால் மிசிசிப்பியிலிருந்து உட்டா வரை நடந்தவர். 1856இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் விடுதலை வென்றார். மருத்துவச்சியாக உழைத்துச் சேர்த்த 250 டாலரில் 1866இல் அந்நகரில் தன் பெயரில் நிலம் வாங்கினார். அவரையும் உயர்த்தி நிறுத்தியவை நீதிமன்றத் தீர்ப்பும் கிரயப் பத்திரமும்தான்.

தீர்ப்பு

எல்லைப்புற வாழ்க்கை விக்டோரிய நெறிகளின் அடித்தளத்தைப் பெயர்த்தது, நெறிகளைப் பெயர்க்கவில்லை. வேலைக்காரி இல்லாத, கடை இல்லாத, கதவு இல்லாத இடத்தில் பெண்கள் நெறியை மீறி உழைத்தார்கள். வசதி வந்ததும் பலர் விருப்பத்தோடே திரும்பிப் போனார்கள். கஷ்டப்பட்டதால் விடுதலை பெற்றார்கள் என்ற கதையை நான் ஏற்கவில்லை. கஷ்டம் விடுதலை தருமானால் உலகின் உழவுப் பெண்கள் எல்லாரும் என்றோ விடுதலை பெற்றிருப்பார்கள். மாற்றம் நின்ற இடங்கள் வேறு. பட்டா, கூலி, மணவிலக்குத் தீர்ப்பு, வாக்குச்சீட்டு ஆகியவற்றில் பெண்ணின் பெயர் ஏறிய இடங்களில் மட்டுமே அவளது நடத்தை உரிமையாக உறைந்தது. பெயர் ஏறாத இடத்தில் அது நினைவாக மட்டும் தங்கியது. இந்தக் காகிதங்களுக்கு வழி திறந்த அளவுக்கு எல்லைப்புறத்துக்குப் பெருமை உண்டு. அந்த வழி பிறர் நிலத்தின் மேல் போட்ட வழி என்பதால் அந்தப் பெருமை குற்றமற்றதல்ல.

ஆரிகனில் பெண் வாக்குரிமை ஐந்து முறை தோற்று 1912இல் வென்றது. அதை அறிவிக்கும் பிரகடனத்தை எழுதும்படி ஆளுநர் அழைத்தது 78 வயதான அபிகெயில் டுனிவேயை. தந்தை சொல்லிப் பயணக் குறிப்பு எழுதிய கை அது. கணவரின் கையெழுத்தால் பண்ணையை இழந்த பெண்ணின் கை. ஆளுநரின் கையெழுத்தோடு அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அவர் வண்டியில் கடந்துவந்த நிலங்களின் பழங்குடிப் பெண்கள் பலருக்கோ, அந்த நாட்டின் குடிமக்கள் என்ற பெயர் கிடைக்கவே 1924 ஆயிற்று.